அடித்த வரி

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவரை எல்லோரும் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் விமானம். பெட்டியோடு ஆளையும் எடைமேடையில் ஏற்றி, கிலோ பார்த்து எழுதுவது பதினெட்டு வருஷமாக அவர் வேலை. எதிர்ச்சுவரில் அவரே பெயிண்ட்டில் எழுதிய பலகை: அடுத்த நிலையம், தூரம் 130 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 35 நிமிடம். பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிப் பதினோரு மணி நேரம். அதைப் பலகையில் எழுதவில்லை. எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மலைக்கு அந்தப் பக்கம், ஓடுபாதைக்கு அடுத்த தெருவில் அவருடைய ஒரே தங்கை இருந்தாள். “அரைமணி நேரத்துல இருக்கே, எட்டிப் பாக்க மனசில்ல உனக்கு” என்று போனில் திட்டுவாள். மனசு இருந்தது, இடம்தான் கிடைக்கவில்லை. ஊழியருக்கு இலவசச் சீட்டு உண்டு. எடை மிஞ்சினால் முதலில் இறங்க வேண்டியவரும் ஊழியர்தான். பட்டியலில் தன் பெயரைப் பதினாறு தடவை எழுதினார், பதினாறு தடவையும் அடித்தார். நல்ல கூத்து!

அந்தத் திங்கட்கிழமை தங்கை மகள் கூப்பிட்டாள். “மாமா, டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அம்மாவ வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். உங்களத்தான் கேக்குறாங்க. நாளைக்கே வந்துருங்க.”

“காலைல முதல் ஆளா ஏறிடுறேம்மா.”

மேலாளரிடம் வழக்கம்போல “தங்கச்சியப் பாக்கணும், லீவு வேணும்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தன்னையே எடை போட்டு, கடைசி வரியில் அறுபத்திரண்டு கிலோ என்று எழுதினார். எட்டு மணி விமானம். ஏழே முக்காலுக்கு மேலாளரின் நண்பர் இரண்டு கனத்த பெட்டிகளோடு வந்து சேர்ந்தார். தராசு கூட்டிப் பார்த்தார். நாற்பது கிலோ அதிகம். கூட்டிய கை, நிற்காமல், கடைசி வரியையும் அடித்துவிட்டது. அடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. பாழாய்ப்போன பழக்கதோஷம். அட மனுஷா, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? அவர் திறக்கவில்லை. விமானத்தின் கதவைத் தானே போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

விமானம் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மேலாளர் பதறிப்போனார். “என்னய்யா நீ, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெட்டிய நாளைக்கு அனுப்பியிருப்பமே.” வேறு ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தார். தங்கை மகளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, மலையேற்றத்தில், எடுத்தார்.

“அம்மா போயிட்டாங்க மாமா.” கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. “காலைல விமானச் சத்தம் கேட்டதும் கண்ணத் தொறந்தாங்க. ‘அண்ணன் வந்துட்டான், கதவத் தொறந்து வை’ன்னாங்க. தொறந்து வச்சேன். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. நீங்க எங்க மாமா இருக்கீங்க?”

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். பஸ் இன்னும் பாதி மலைகூட ஏறவில்லை.

“இன்னும் எட்டு மணி நேரம் ஆகும்மா” என்றார்.