மாடி மேடத்தின் முட்டி

ஒரு ஜோடி நீலச் செருப்பு. எங்கள் வாசல்படி ஓரத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அங்கே கழற்றி வைக்கச் சொன்னவளே நான்தான். செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டு அம்மாவின் செருப்பு அது. மாடி மேடம் என்போம். முதன்முறை அவர் கிரிவலம் கிளம்பியபோது, "வெறுங்காலோடதான் சுத்தணும் மேடம், இல்லன்னா பலன் கம்மி" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அடி அண்ணாமலை தாண்டி, யாரோ துப்பிய கரும்புச் சக்கையில் வழுக்கி, அவருக்கு முட்டி திருகிக்கொண்டது.

அதோடு விட்டேனா? எலும்புதான் என்று நானே முடிவுகட்டி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுபவரிடம் கூட்டிப்போனேன். மூன்று வாரம் கட்டோடு கிடந்தார். பிரித்துவிட்டு எழுந்தால் கால் நிற்கவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, உள்ளே ஜவ்வு அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இப்படியேதான் நொடிக்கும் என்றார்.

அதன்பின் பகலெல்லாம் லேப்டாப்பும் கையுமாக மாடிப்படியில் உட்கார்ந்து, எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கோ எழுதிக்கொண்டிருந்தார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். வந்த பதில் நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தைத்தான் படிப்பேன். ஏரோப்ளேனில் இந்தக் காலை எங்கே நீட்டுவார் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் சிரித்தபடி, என்னிடம் பழகிய தமிழில், "அக்கா, வெளிநாட்டுல ஆஸ்பத்திரி கெடச்சிடுச்சு" என்றார்.

"எந்த நாடு மேடம்?"

"சென்னை."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "வேணாம் மேடம். செருப்பக் கழட்டச் சொன்னது நானு. கட்டு போட இட்டுனு போனதும் நானு. இதுவும் தப்பாப் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன். உங்க ஊருக்கே போயிடுங்க."

அவர் நிதானமாகச் சொன்னார்: "எங்க ஊர்ல டாக்டர் இருக்காங்க. பாத்ரூமுக்கு இட்டுனு போக ஆள் இல்ல அக்கா."

அன்றைக்கே என் துணிமணியையும் மூட்டை கட்டினேன். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன். பிறகு மாதக்கணக்கில் முட்டியை மடக்கிப் பழகும்போது அவர் பல்லைக் கடிப்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு முறை அவதிப்பட்டவர், மூன்றாவது முறையும் எதை நம்பி என்னைக் கூப்பிட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன். என் மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

ஊருக்குத் திரும்பியபோது ஷூ போட்டுக்கொண்டு போனார். செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. இந்தப் பௌர்ணமிக்கு மறுபடி வந்திருக்கிறார். கிரிவலத்துக்குக் கிளம்பியவர், மறக்காமல் வெறுங்காலோடு படியிறங்கினார். நான் ஓடிப்போய் அந்தச் செருப்பைத் தூசி தட்டி அவர் காலடியில் வைத்தேன்.

"போட்டுனு போங்க மேடம். சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."