திமிர் என்று பெயர் வைத்தவர்கள்

என் மகளுக்கு ஏழு வயது முடிவதற்குள் ஊர் அவளுக்குக் கொடுத்த பட்டங்கள் ஏராளம். ராஜபாளையத்தில் அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை கொடுத்தது, திமிர். வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுகிறாளாம், பென்சிலைத் தூக்கி எறிகிறாளாம். மாதம் ஒருமுறை என்னை வரவழைத்து, வளர்ப்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புவார். அத்தனை வருட அனுபவத்தில் ரேங்க் கார்டைத் தவிர வேறெதையும் அவர் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வத்திராயிருப்பில் இருக்கும் என் பெரியப்பா, செல்போன்தான் காரணம் என்றார். சொன்னபோது அவர் கண் அவருடைய செல்போனில் இருந்தது. ஒரு டாக்டர் ஐந்து நிமிடத்தில் அதீதத் துறுதுறுப்பு என்றார். இன்னொருவர் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆட்டிசம் என்றார். ஆளுக்கொரு வார்த்தையை ஒட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

இவர்களைவிடக் கேவலமானவன் நான். வீட்டுப்பாடம் எழுத மறுத்தவளை ஒருநாள் அடித்தேன். அவள் அழவில்லை. மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணைப் பற்றி மனைவி கேள்விப்பட்டு வந்தாள். அங்கே போனோம். அந்தப் பெண் மகளோடு தரையில் உட்கார்ந்து காலைப்பொழுது முழுக்க விளையாடினார். பிறகுதான் எங்களிடம் பேசினார்.

“அண்ணே, இது ஒரே கஷ்டம் இல்ல. நாலு கஷ்டம் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கு. ஃபேன் சத்தம் அவளுக்குக் காதுல ஊசி குத்துத மாதிரி. வெரல்ல பலம் இல்ல, பென்சில் பிடிச்சா வலிக்கி. சொன்னது மனசுல ஏற நேரமாகுது. ஒரே எடத்துல இருக்க ஒடம்பு விடமாட்டேங்கு. இம்புட்டையும் தாங்க முடியாமத்தான் இவ ஓடுதா.”

நான் நூல் மில்லில் வேலை பார்ப்பவன். எந்திர இரைச்சலிலேயே நின்று பழகிய எனக்கு ஃபேன் சத்தம் ஒரு சத்தமாகவே தோன்றியதில்லை.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்த குறிப்பைத் தலைமையாசிரியையிடம் நீட்டி, மகளை ஃபேனை விட்டுத் தள்ளி உட்கார வைக்கும்படி கேட்டேன். அவர் அதைப் படிக்காமலே மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“ஒரு பிள்ளைக்காக ரூல மாத்த முடியாது சார்.”

நான் கேட்டது ஒரு பெஞ்சை. அதற்கே இத்தனை கம்பீரம். அன்றே டி.சி. வாங்கிவிட்டேன்.

இப்போது அரசுப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே ஆசிரியை அவளைச் சன்னலோரம் உட்கார வைக்கிறார். இடையில் எழுந்து நடக்க விடுகிறார். தடித்த கிரேயானில் தன் பெயரை எழுதிவிட்டாள். அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. போன வாரம் கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் ஹாரன் சத்தம் தாங்காமல் தரையில் படுத்துவிட்டாள். ரெண்டு அடி போட்டால் எழுந்துவிடுவாள் என்று பக்கத்தில் நின்றவர் யோசனை சொன்னார். அவள் எழுந்திருக்கும்வரை நானும் மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.