இடியப்பத்தின் அடக்கவிலை

நான் வேலை செய்யும் வெள்ளவத்தைக் கடையில், நேற்று முதலாளியின் மகன் ஓர் இடியப்பத்தின் அடக்கவிலையைப் போனில் கணக்குப் பார்த்தான். மா, உப்பு, காஸ். அவ்வளவுதான். பக்கத்தில் சிவப்பு மாவின் ஆவி எழுந்தது. எனக்குக் கொட்டாஞ்சேனையில் எங்கள் குசினி நினைவுக்கு வந்தது.

அங்கே மண்ணெண்ணெய் அடுப்பு சீறும். விடியுமுன்பே அம்மா இடியப்ப உரலை அழுத்திப் பிழிவார். அவரது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. ஒருநாள், அம்மாவிடம் இடியப்பம் வாங்கி விற்கும் கடைக்காரர் வாசலில் நின்றபடி விலையைக் குறைத்தார்.

"மாவும் எண்ணெயும்தானே அக்கா செலவு. நீங்கள் வீட்டில சும்மாதானே இருக்கிறீங்கள்."

அப்பாவும், "ஓம், அவ சும்மாதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் கடைக்காரர் கூடையோடு வந்தார். அடுப்பு எரியவில்லை.

"என்னக்கா, மா முடிஞ்சுதே?"

"மா இருக்கு தம்பி. நான் சும்மா இருக்கிறன்."

அன்று அப்பா பேக்கரியில் வாங்கிய வெறும் பாணைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

நான் அதிகம் கதைக்காதவன். ஆனாலும் நேற்று முதலாளியின் மகனிடம், "தம்பி, பிழியிற பொம்பிளையளின்ர கூலியையும் போடுங்கோ" என்றேன்.

"அதைப் போட்டா விலை கூடிடுமே, அண்ணை."

"கூடத்தான் வேணும்."