மலை இடுக்குக்குள் ஒரு பாய்ப்படகு

என் நாத்தனார் முதன்முதலாகச் சுடிதார் போட்டது நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான். அதுவும் பாய்ப்படகில் ஏறுவதற்காக.

புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள். அவளுடைய சின்ன அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அவர் இறந்த பிறகு சங்கராபுரத்து வீட்டில் நாங்கள் இருவர்தான். அடுத்த தெருவில் அவளுடைய பெரிய அண்ணன், எனக்கு மச்சாண்டார். நாங்கள் எங்கே போகலாம், எப்போது திரும்பலாம் என்பதை அவர்தான் சொல்வார். நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மகளுக்கு உதவியாகப் புதுச்சேரியில் சில மாதம் இருந்தபோது, கடற்கரையில் பெண்கள் பாய்ப்படகு ஓட்டப் பழகுவதைப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கப் போனவள் நானும் சேர்ந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பும்போது, அவர்கள் ஒதுக்கிப் போட்டிருந்த சின்னப் படகு ஒன்றை வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தேன்.

"இன்னாம்மா, நம்மூருக்கு வெள்ளம் வருதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"வரட்டும். நாங்க ரெடி."

பெரிய மச்சாண்டார் சிரிக்கவில்லை. "தாலியறுத்தவளும் வாழாவெட்டியும் படகு வுட்டுக்கினு திரிஞ்சா எவன் மதிப்பான்?" என்றார். அவர் போகும்வரை நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கிழம போலாமா அண்ணி?" என்றாள்.

கல்வராயன் மலையடிவாரத்து அணைக்குப் படகைக் கொண்டுபோனோம். மீன் குத்தகைக்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். "லைஃப் ஜாக்கெட் மட்டும் கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, தன் ஆள் ஒருவரோடு சேர்ந்து அவரே படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

அணையின் மறுகோடியில், இரண்டு மலைகளுக்கு நடுவே தண்ணீர் ஒடுங்கிக் காட்டுக்குள் போகிறது. கரையிலிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு நிழல்தான் தெரியும். அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

நடு அணை வரை காற்று ஒரே சீராக இருந்தது. இடுக்கின் வாயை நெருங்கியதும் சுத்தமாக நின்றுபோய், மறு நிமிடம் பக்கவாட்டிலிருந்து ஓங்கி அடித்தது. பாயின் கயிற்றை நான் தளர்த்துவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது.

நாத்தனாருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்கு மேலே அவள் முகத்தைத் தேடி நான் கத்தினேன். ஜாக்கெட் அவளைத் தூக்கிவிட்டது. இருமிக்கொண்டே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையின் மேல் ஏறி நின்று, பின்பக்கமாகச் சாய்ந்து முழுப் பாரத்தையும் கொடுத்தேன். பாய்மரம் மெதுவாக எழுந்தது. இருவரும் உள்ளே ஏறித் தண்ணீரை இறைத்தோம்.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? அதான் நனைஞ்சாச்சே. உள்ள போ அண்ணி."

போனோம். உள்ளே காற்று மெலிந்து, படகு ஊர்ந்தது. மூழ்கிய மரங்களின் மொட்டைக் கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இருபுறமும் மூங்கில் தண்ணீர் வரை சரிந்திருந்தது. ஓடை வந்து சேரும் இடத்தில் இறங்கி, முழங்கால் சேற்றில் படகை இழுத்துக் கட்டினோம். ஈரத்துணியோடு பாறையில் உட்கார்ந்து, டப்பாவில் தப்பித்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். எதிர்க் கரையில் காட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே ஓடியது. நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

கரைக்குத் திரும்பியபோது பெரிய மச்சாண்டார் நின்றிருந்தார். படகு கவிழ்ந்ததை யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். தங்கையின் நனைந்த சுடிதாரைப் பார்த்தார்.

"போதும் கூத்து. நாளைக்கே இத வித்துடு. ஒயுங்கா வூட்ல இரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் போனாள்.

"இவ்ளோ வருஷமா வூட்லதாண்ணா இருந்தேன். அதுல உனக்கு இன்னா மரியாத ஜாஸ்தி ஆச்சு? சொல்லு."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தை மாதம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகூர்த்த நாளன்று காலையில், அணையில் காற்று எப்படி என்று குத்தகைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

இப்போது அவளுக்கு நீச்சல் தெரியும். சுக்கானை என்னிடம் கொடுப்பதே இல்லை.