ஒரு கை பாக்கி

நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ராஜகுமாரி திரும்பி வந்தபோது கூடவே ஒரு பெண் போலீஸும் ஜீப்பிலிருந்து இறங்கினாள். கோர்ட்டு உத்தரவு அப்படி. புருஷன் தினகரன் அவளை நெருங்கக்கூடாது. அவள் தன் சாமான்களை எடுத்து முடிக்கும்வரை வீட்டுக்குள்ளும் வரக்கூடாது.

தேயிலை விலை விழுந்து தினகரன் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய பிறகுதான் அவள் தையல் மெஷின் மிதிக்க ஆரம்பித்தாள். லயத்துப் பெண்களுக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்கு யூனிபாரம். அடுப்பு எரிந்தது அதில்தான். அவனும் அதைத்தான் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, “உக்கார வச்சுச் சோறு போடுறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறியா?” என்று அடித்தான். தோள்பட்டை விலகிய அன்று அரவேணுவிலிருந்து அக்கா வந்து கூட்டிப்போனாள்.

தினகரன் கோயில் மேட்டில் நின்றிருந்தான். அவனைப் பார்த்தால் நெஞ்சு பதறும் என்று வழியெல்லாம் பயந்திருந்தாள். பதறவில்லை. யார் வீட்டையோ காலி செய்யக் கூலிக்கு வந்தவள் மாதிரி உள்ளே போனாள்.

மாமியார் அங்கம்மா அடுப்படியில் இருந்தாள். தனக்குக் கல்யாணமான புதிதில் இலங்கை கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவள். பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

“தேத்தண்ணி குடிக்கிறியா, பிள்ளை?”

“வேணாம் மாமி.”

குக்கர், கம்பளி, சேலைகள் எல்லாம் இருந்தன. எதைப் பார்த்தாலும் தன்னுடையது என்று கை நீளவில்லை. போலீஸ்காரி மரகதம்தான் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, “இது உங்களுதுங்களா?” என்று கேட்டுக் கேட்டு மூட்டை கட்டினாள்.

ஜன்னலடியில் மெஷின். ஊசிக்குக் கீழே, அவள் போன அன்று விட்டபடியே, ஒரு பச்சை ஜாக்கெட். மாமியாருடையது. ராஜகுமாரி அதை உருவப் போனவள், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கால் தானாக மிதித்தது.

“ஏனுங்க, இப்ப இது தேவைங்களா? வெளிய அந்தாளு நின்னுட்டிருக்காரு.”

“ஒரு கைதாங்க பாக்கி.”

தோள் வலித்தது. நிறுத்தாமல் தைத்தாள். அங்கம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

“அவன் அடிக்கயில நான் கேட்டிருக்க வேணும், பிள்ளை. வாய் தொறக்க ஏலாமப் போச்சு.”

ராஜகுமாரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜாக்கெட்டை மடித்து நீட்டினாள்.

“கொக்கி வைக்கல மாமி. நீங்களே வச்சுக்கங்க.”

டிரைவரும் மரகதமும் மெஷினைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். “அதத் தூக்கிட்டுப் போயிட்டா பெரிய ராணியாயிருவியா?” என்று மேட்டிலிருந்து சத்தம் வந்தது. மரகதம் திரும்பி முறைத்தாள். ராஜகுமாரி கயிறு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள்.

அரவேணுவில் ஒரு மளிகைக்கடை ஓரத்தில் மெஷினைப் போட இடம் கிடைத்தது. தைக்கக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். சாமான் மூட்டை மட்டும் தீபாவளிவரை அவிழ்க்காமலே கிடந்தது. அக்கா ஒருநாள் தையலை நிறுத்தச் சொல்லி அவளை வீட்டுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள்.

“ஒருதரம் அழுதுரு, குமாரி. மனசு லேசாகும்.”

அவளும் அழத்தான் பார்த்தாள்.

“கொட்டாவிதான்க்கா வருது,” என்றாள்.

பட்டப்பகலில் படுத்தவள் விளக்கு வைக்கும்வரை தூங்கினாள். அக்கா எழுப்பவில்லை.