நர்சம்மா சொன்ன உயரம்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எண்பதுகளில் செஞ்சி வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் நர்சம்மாதான். ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். என் வாடகை ஜீப்பில் உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்.

கடலை மூட்டை ஏற்றி ஏற்றி ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோய், தொண்டூர்ப் பாதையில் அடிப்பாகம் கல்லில் இடித்தது. ஒருநாள் அவரை அழைத்துவரும் வழியில் பட்டறையில் நிறுத்தினேன்.

"பழைய பட்டையையே வளைச்சுக் கட்டினா முந்நூறு. வண்டி கொஞ்சம்தான் உசரும். புதுப் பட்டை சேத்தா எழுநூறு. யானை மாதிரி நிக்கும், ஆனா ஆளத் தூக்கித் தூக்கிப் போடும்" என்றார் பட்டறை பாய்.

"யானை மாதிரியே பண்ணிடு பாய்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே நர்சம்மா கேட்டார்: "நிறைமாசக்காரிய யானை மேல யாரு ஏத்துறது?"

"மழையில வண்டி சேத்துல சிக்கிக்கினா இன்னாம்மா பண்றது?"

"நான் எறங்கித் தள்றேன். வலியில இருக்கறவளத் தூக்கிப் போடாம இருந்தா போதும்."

முந்நூறு ரூபாய் வேலைதான் நடந்தது.

ஐப்பசி மழையில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிவரும்போது ஜீப்பின் அடிப்பாகம் சேற்றில் தட்டி வண்டி நின்றது. நர்சம்மா இறங்கி, அவள் புருஷனோடு சேர்ந்து தள்ளினார். ஆஸ்பத்திரியில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

வெளியே வந்தவரின் புடவையில் முழங்கால்வரை சேறு.

"உசரமா ஏத்தியிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லம்மா" என்றேன்.

"தெரியும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

அந்த வருஷமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அதன்பிறகும் நிறைமாதப் பெண் ஒருத்தி என் ஜீப்பில் தானாகவே காலெடுத்து வைத்து ஏறும்போதெல்லாம், அந்தச் சோர்ந்த முகம் எனக்கு நினைவு வந்தது.