சகாயம் அடியைக் குறைத்த கதை

எங்கள் ‘கரும்பாறை’ ராக் குழுவின் சத்தம் ஏன் இப்படித் தணிந்துபோனது என்று தேவிகுளத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வயசாகிவிட்டது என்பார்கள். சர்ச் சாமியார் கண்டித்தார் என்பார்கள். எல்லாம் சும்மா. காரணம் சகாயம்.

தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் இயந்திரத்துப் பக்கத்தில் வேலை பார்ப்பவன். வாரமெல்லாம் அந்த இரைச்சலில் நின்றது போதாதென்று, ஞாயிறு பூசை முடிந்ததும் எஸ்டேட் லயத்தில் இருக்கும் தன் வீட்டு முன்னறையில் டிரம்ஸ் முன்னால் உட்காருவான். அவன் அடித்தால் அலமாரியில் டம்ளர் நடக்கும். ஷிஜு தொண்டை கிழியப் பாடுவான். கிட்டார் நான், ஜிதின். கிட்டாரை அலறவிடுவதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

சகாயத்தின் மகள் டின்சிக்கு நாலு வயதில் இரண்டு காதிலும் கேட்கும் கருவி வைத்தார்கள். அன்று மழைச் சத்தத்தைக் கேட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினாளாம். ஆனால் அந்த ஞாயிறு நாங்கள் வாசிக்கத் தொடங்கியதுமே இரண்டையும் கழற்றி அம்மா பின்சியின் கையில் கொடுத்துவிட்டுப் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். சகாயத்தின் முகம் செத்துப்போனது.

“எம்புள்ள ஒரு தடவையாவது நான் வாசிக்கிறதக் கேக்கணும்லே,” என்றான். வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் குச்சிகளில் பின்சியின் பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றியிருந்தான். பிறகு குச்சியையே விட்டுவிட்டு, வீடு பெருக்கும் வாரியலில் இருந்து ஈர்க்குகளை உருவிக் கட்டாகக் கட்டி, அதால் டிரம்ஸைத் தடவ ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெருக்க வந்தியா, வாசிக்க வந்தியாலே?” என்று கத்தினேன். சிரித்தான், அவ்வளவுதான்.

டிரம்ஸ் முணுமுணுக்கும்போது கிட்டார் மட்டும் அலறினால் நாராசமாக இருக்காதா? வேறு வழியில்லாமல் நானும் குறைத்தேன். ஷிஜுவும் இறங்கிவந்தான். இப்படியே மூன்று வருடம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சத்தம் எனக்குப் பிடித்தும் போய்விட்டது.

போன மாதம் கோயில் திருநாளில் வாசித்தோம். டின்சி முன்வரிசையில் இருந்தாள். நாலு பாட்டையும் முழுசாகக் கேட்டாள், காதுப் பக்கம் கையே போகவில்லை. சகாயம் வாசித்துக்கொண்டே அழுதான். அதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் டின்சியைத் தூக்கிக்கொண்டேன். “இப்பல்லாம் அப்பா அடிக்கிறது காதுல வலிக்கலல்ல?” என்று கேட்டேன்.

“அப்பா அடிக்கிறது எப்பவுமே வலிக்கல மாமா. நீங்க வாசிக்கிறதுதான் கீச்சு கீச்சுன்னு குத்தும். மொத நாளே அப்பாட்ட சொன்னனே.”

அவளைப் பின்சியிடம் விட்டுவிட்டு நேராகச் சகாயத்திடம் போனேன். குனிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“எங்கிட்ட ஏம்லே சொல்லல?”

அவன் நிமிரவில்லை. “சொன்னா அன்னைக்கே கிட்டாரத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்ப. ஒன்னைய எனக்குத் தெரியாதா? எனக்கு அவளும் கேக்கணும், நீயும் வாசிக்கணும்லே.”